மெதுவாகப் பேசுங்க, ஆனா மராத்தியில பேசுங்க

எங்கள் ஜெராக்ஸ் கடையின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் லேமினேட் செய்த ஓர் அட்டை நிற்கிறது. என் கையெழுத்துதான். "மீ மராட்டீ ஷிகத் ஆஹே. ஹளூ போலா, பண் மராட்டீத் போலா" என்று இரண்டே வரி. நான் மராத்தி படிக்கிறேன். மெதுவாகப் பேசுங்க, ஆனா மராத்தியில பேசுங்க.

மராத்தியை வளர்க்க மகாராஷ்டிர அரசு எத்தனையோ சட்டமும் ஆணையும் போட்டிருக்கிறது. அவற்றில் பல எங்கள் வீட்டுக்குள்ளும் இந்தச் சின்னக் கடைக்குள்ளும் வந்துபோயிருக்கின்றன. எது எனக்குக் கைகொடுத்தது, எது பெயருக்கு நின்றுபோனது என்று எழுதிவைத்தால், வேலைக்காகவோ கல்யாணமாகியோ இங்கே வருகிற நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று தோன்றியது.

நான் கோவில்பட்டிப் பக்கம். 2012-இல் கல்யாணமாகி தானே மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊருக்கு வந்தேன். மாமனார் காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்காக தாராவிக்கு வந்த குடும்பம். கணவருக்குப் பம்பாய் ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு. எனக்கும் எட்டு வருஷம் அந்த ஹிந்தியே போதுமாக இருந்தது. காய்கறிக்காரர், டாக்டர், பள்ளி, யாரிடம் போனாலும் என் முகத்தைப் பார்த்ததும் ஹிந்தியில் ஆரம்பித்துவிடுவார்கள். மராத்தி நாட்டில் இருந்துகொண்டு மராத்தி காதில் விழாமலேயே எட்டு வருஷம் ஓட்ட முடிந்தது என்பதை இப்போது நினைத்தால் எனக்கே வருத்தமாக இருக்கிறது.

2020-இல் மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். போனாள் என்றா சொல்வது, கொரோனா காலம், கைபேசித் திரைக்குள் போனாள். அந்த வருஷம்தான் மராத்தி கட்டாயப் பாடச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ என்று எந்தப் பாடத்திட்டமாக இருந்தாலும் மகாராஷ்டிரத்தில் நடக்கிற பள்ளி மராத்தி சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ஒரு லட்சம் ரூபாய் அபராதம். 2020-21-இல் ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் தொடங்கி, வருஷத்துக்கு ஒரு வகுப்பாக மேலே ஏறிக்கொண்டு போகும். என் மகள் அதன் முதல் அணி.

முதல் வாரம் எனக்குக் கோபம்தான். தமிழ் வீட்டில், ஆங்கிலம் பள்ளியில், ஹிந்தி தெருவில், இப்போது இதுவுமா, ஆறு வயசுப் பிள்ளை எத்தனையைத்தான் சுமக்கும் என்று. பள்ளியில் வாரத்துக்கு ஒரு பீரியட் மட்டும் ஒதுக்கியிருந்தார்கள். அதையும் டீச்சர் ஹிந்தியில் விளக்கிச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். சட்டத்துக்குக் கணக்குக் காட்டியாயிற்று, பிள்ளைக்கு ஒன்றும் ஏறவில்லை. பின்னால், 2023-இல், மாநிலப் பாடத்திட்டம் அல்லாத பள்ளிகளில் மேல்வகுப்பை எட்டியிருந்த ஓர் அணிக்கு மராத்தியில் மார்க் வேண்டாம், கிரேடு போதும், மொத்தத்தில் சேர்க்க வேண்டாம் என்று அரசே தளர்த்தியது. பக்கத்து வீட்டுப் பையன் அதில் வந்தான். கிரேடு என்று கேள்விப்பட்ட அன்றைக்கே அவன் மராத்திப் புத்தகத்தைப் பரணில் போட்டுவிட்டான். கொரோனாவில் அடிபட்ட பிள்ளைகள் என்பதால் கொடுத்த சலுகை, அது நியாயம்தான். ஆனால் மார்க் இல்லாத பாடத்தை எந்த வீட்டில் படிக்கச் சொல்வார்கள்?

சரி, பள்ளியை நம்பிப் பயனில்லை என்று நானே மகளோடு உட்கார்ந்தேன். இங்கே முதல் யோசனை ஒன்று சொல்லிவிடுகிறேன். மாநிலப் பாடநூல் நிறுவனமான பால்பாரதி, மராத்தி தாய்மொழியல்லாத பிள்ளைகளுக்காக 'சுலபபாரதி' என்று தனி வரிசை வைத்திருக்கிறது. பால்பாரதியின் இணையதளத்தில் புத்தகம் முழுவதும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எங்கள் கடை மெஷினிலேயே பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டேன். பெரியவர்களும் கூச்சப்படாமல் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். கைபேசிச் செயலிகளில் பணம் கட்டி நான் கற்றது, இந்தப் புத்தகத்தில் கற்றதில் கால்வாசி கூட இருக்காது.

புத்தகத்தைத் திறந்து இரண்டாவது வாரத்தில் ஒரு விஷயம் நடந்தது. ஷாளா என்றால் பள்ளிக்கூடம். பாள் என்றால் குழந்தை. கேளீ, வாழைப்பழம். காளா, கறுப்பு. வேள் என்றால் நேரம், நம் வேளைதான். பக்கத்துக்குப் பக்கம் ள. ஹிந்தியில் இந்த எழுத்தே கிடையாது. எட்டு வருஷமாக ஹிந்தி பேசி என் நாக்கு மறந்திருந்த ள, மராத்திப் பாடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மாடி வீட்டு ஆஜி, அதாவது பாட்டி, எண்பதை நெருங்குகிறவர், ஜன்னல் வழியாக நான் மகளுக்கு வாசித்துக் காட்டுவதைக் கேட்டுவிட்டு இறங்கி வந்தார். எங்கே திரும்பச் சொல் என்றார். ஷாளா என்றேன். "என் பேரனுக்கே இது வரமாட்டேங்குது, ஷாலா ஷாலாங்கிறான். உனக்கு எப்படி வருது?" என்று கேட்டு என் கன்னத்தைத் தொட்டார். அன்றைக்குத்தான் மராத்தி எனக்கு அந்நிய மொழி என்கிற நினைப்பு விட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. நாம், நாங்கள் என்ற வித்தியாசம் ஹிந்தியிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. மராத்தியில் இருக்கிறது. கேட்கிறவரையும் சேர்த்துச் சொன்னால் ஆபண், சேர்க்காமல் சொன்னால் ஆம்ஹீ. மராத்தி படிக்க வருகிற வடநாட்டுக்காரர்கள் தடுமாறுகிற இடத்தில் நமக்கு யாரும் விளக்கவே வேண்டாம். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நமக்கு மனிதர்களுக்குத்தான் ஆண்பால், பெண்பால். மராத்தியில் எல்லாப் பொருளுக்கும் மூன்று பாலில் ஒன்று உண்டு. கரும்பலகை ஆண், பள்ளிக்கூடம் பெண், புத்தகம் இரண்டும் இல்லாதது: தோ பளா, தீ ஷாளா, தே புஸ்தக். இதற்குக் குறுக்குவழி எதுவும் நான் கண்டுபிடிக்கவில்லை. ஒரு சொல்லைப் படிக்கும்போதே தோ, தீ, தே என்று முன்னால் ஒட்டிப் படித்துவிடுங்கள். தனிச் சொல்லாகப் படித்துவிட்டு அப்புறம் பால் சேர்க்கப் பார்த்தால் ஒட்டாது. நான் நூறு சொல்லை அப்படிப் படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வந்தேன்.

பள்ளிகள் திறந்து, கடைக்கும் ஆட்கள் வரத் தொடங்கியபோது எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வந்துவிட்டது. எங்கள் கடைக்கு எதிர்ப்புறம் அரசு அலுவலகம். வருகிறவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு தாகலாவுக்காக வருகிறவர்கள்தான். தாகலா என்றால் சான்றிதழ். வருமானத்துக்கு உத்பன்னாச்சா தாகலா. நிலத்துக்கு சாத்பாரா, அதாவது ஏழு-பன்னிரண்டு; ஊரில் நாம் பட்டா, சிட்டா, அடங்கல் என்று அலைகிற மாதிரி இங்கே எல்லாரும் சாத்பாராவுக்கு அலைவார்கள். படிவங்கள் முழுக்க மராத்தியில்தான். 1964-இன் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பிறகு அரசு அலுவலகக் காகிதம் மராத்திக்கு மாறியது. அது உண்மையாகவே நடந்திருக்கிறது என்பதற்கு என் மெஷினில் தினமும் போகிற தாள்களே சாட்சி. மாநிலம் உருவான 1960-லேயே மொழி இயக்ககத்தைத் தொடங்கி, பதவிப் பெயர்களுக்கு, நிர்வாகச் சொற்களுக்கு, துறைதோறும் என்று அகராதி அகராதியாகத் தொகுத்தார்கள். 2010-இல் மராத்தி மொழிக்கென்று தனித் துறையே வந்தது.

ஒரு நாள், பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் ஆஜோபா, அதாவது தாத்தா, வந்தார். வேட்டி, வெள்ளைத் தொப்பி. பேரன் கல்லூரியில் சேர வேண்டும், ஊரில் இருப்பதற்கான சான்றிதழுக்கு விண்ணப்பம். படிவத்தின் தலைப்பில் விரலை வைத்துக் கேட்டார்: "அதிவாஸ் ம்ஹண்ஜே காய்?" அதிவாஸ் என்றால் என்ன?

நான் பதறிப்போனேன். மராத்தியிலேயே பிறந்து எழுபது வருஷம் மராத்தியே பேசி வாழ்ந்த மனிதர், கோவில்பட்டிக்காரியிடம் ஒரு மராத்திச் சொல்லுக்குப் பொருள் கேட்கிறார். மொழி இயக்ககத்தின் அகராதிகளைக் கைபேசியிலேயே தேடிப் பார்க்க முடியும், இலவசம்தான். தேடி, "ராஹண்யாச்சா தாகலா" என்று எனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னேன். குடியிருக்கிறதுக்கான சான்று. அவர் இன்னும் யோசித்தார். பின்னால் நின்ற பையன் "டொமிசைல், ஆஜோபா" என்றான். "அட, டொமிசைலா! அப்படிச் சொல்ல வேண்டியதுதானே" என்று முகம் தெளிந்தார்.

அந்த ஒரு நிமிஷம் என்னை நிறைய நாள் யோசிக்க வைத்தது. ஆங்கிலத்தை எடுத்துவிட்டு மராத்தி வைத்தார்கள். ஆனால் வைத்த மராத்தி அவருடைய மராத்தி இல்லை. வீட்டில் புழங்குகிற ராஹணே என்கிற சொல்லிலிருந்து கிளைவிட்டிருந்தால் அவருக்குச் சொல்லாமலே விளங்கியிருக்கும். சமஸ்கிருத அகராதியிலிருந்து எடுத்து வைத்த சொல் காகிதத்திலேயே தங்கிவிட்டது. வாயில் ஆங்கிலம் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதே அலுவலகத்தில் ஆவக்-ஜாவக் என்று ஒரு பதிவேடு உண்டு. உள்ளே வருகிற தபால், வெளியே போகிற தபால். பியூனிலிருந்து தாசில்தார் வரை அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள், அதற்கு ஆங்கிலம் யாருக்கும் தேவைப்படவில்லை. வருகிறது, போகிறது என்ற பேச்சுச் சொல்லிலிருந்து பிறந்ததால் அது நின்றது என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் கடைக்கு நோட்டு வாங்க வருகிற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எல்லாரும் குருஜி என்பார்கள். அவரிடம் இதைச் சொன்னபோது, இது சிவாஜி மகாராஜா காலத்துப் பிரச்சினை அம்மா என்றார். தர்பாரில் ஃபார்சிச் சொற்கள், அதாவது பாரசீகச் சொற்கள், நிறைந்து கிடக்கின்றன என்று சிவாஜி, ரகுநாத பண்டிதரைக் கொண்டு 'ராஜ்யவ்யவஹார கோசம்' என்ற நிர்வாகச் சொல்லகராதியைச் செய்யவைத்தார். பதவிப் பெயர்களில் முஜும்தார் அமாத்யர் ஆனார், சுர்நீஸ் சசிவர் ஆனார், சர்நோபத் சேனாபதி ஆனார். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இப்படி ஓர் அரசன் மொழிக்காக உட்கார்ந்து யோசித்திருக்கிறான் என்று கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது. ஆனாலும் பாருங்கள், அர்ஜ் (விண்ணப்பம்), தாகலா, தாசில்தார் எல்லாம் ஃபார்சி வழி வந்த சொற்கள்தான். இன்றைக்கும் ஜனங்கள் வாயில் இருப்பவை அவையே. எந்தச் சொல் தங்கும் என்பதை ஜனங்களின் வாய்தான் முடிவு செய்திருக்கிறது.

இங்கே படிவம் நிரப்பப் போகிறவர்களுக்கு: கைபேசிக் கேமராவால் மொழிபெயர்த்துப் பார்த்து நிரப்பாதீர்கள். அப்பா பெயர் எழுத வேண்டிய இடத்தில் தாத்தா பெயரை எழுதி விண்ணப்பம் திரும்பி வந்த கதைகளை மாதத்துக்கு இரண்டாவது பார்க்கிறேன். ஸம்பூர்ண நாவ் என்பது முழுப்பெயர். இங்கே முழுப்பெயர் என்றால் தன் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாப் படிவத்திலும் தேவநாகரியில் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். முதல் தடவையே அதை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸாக்ஷாங்கித் ப்ரத் என்றால் சான்றொப்பமிட்ட நகல், சும்மா ஜெராக்ஸ் போதாது. இப்படி ஒரு முப்பது சொல் தெரிந்தால் பாதி அலைச்சல் குறையும்.

அப்புறம் போர்டு கதை. கடைப் பலகைகளில் மராத்தி தேவநாகரி எழுத்தில் இருக்க வேண்டும், வேறு எழுத்தைவிடச் சின்னதாக இருக்கக்கூடாது என்று 2022-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பத்து ஆளுக்குக் குறைவாக வேலை செய்கிற சின்னக் கடைகளுக்கும் அது பொருந்தும் என்றானது. வியாபாரிகள் தரப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 செப்டம்பரில் நீதிமன்றம், வழக்குக்குச் செலவழிப்பதைப் பலகைக்குச் செலவழியுங்கள் என்கிற தோரணையில் சொல்லி இரண்டு மாதம் கெடு கொடுத்தது. எங்கள் பலகையில் ஆங்கிலம் பெரிதாகவும் மராத்தி ஓரத்தில் பொடியாகவும் இருந்தது. நானும் அவசர அவசரமாக ஒரு ஃபிளெக்ஸ் கடையில் ஆர்டர் கொடுத்தேன். கெடு நேரம், எங்கே பார்த்தாலும் கூட்டம். இரண்டாயிரத்துச் சில்லறை ஆயிற்று. மாட்டிவிட்டு நிமிர்ந்து பார்க்கப் பெருமையாக இருந்தது.

மறுநாள் குருஜி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வஹினி (அண்ணி), இது மராத்தி இல்லை" என்றார்.

"கிதாபேன், காப்பியான், பென்" என்று அடித்திருந்தார்கள். டிசைன் செய்த பையன் வடக்கத்திக்காரன். தேவநாகரிதானே என்று ஹிந்தியில் எழுதிவிட்டான். மராத்தியில் புஸ்தகே, வஹ்யா. வஹீ என்றால் நோட்டு. சட்டத்துக்குக் கணக்குப் பார்த்தால் எழுத்து தேவநாகரி, அளவு பெரிது, அபராதம் வராது. அதிகாரி வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போயிருப்பார். ஆனால் மராத்தியைக் காப்பாற்ற வந்த சட்டத்தின் பெயரில் நான் என் வாசலில் ஹிந்திப் பலகை மாட்டியிருக்கிறேன். ஹிந்திக்கும் மராத்திக்கும் ஒரே எழுத்து என்பதால் வருகிற இந்தச் சிக்கல் நம் ஊரில் கிடையாது. தமிழ் எழுத்தில் இருந்தால் தமிழ்ச் சொல்லோ இல்லையோ, இன்னொரு மொழியாக இருக்க வாய்ப்பில்லை.

குருஜி ஒரு தாளை வாங்கி எழுதிக் காட்டினார். ல எழுத்தையும் ஷ எழுத்தையும் மராத்தியில் எழுதுகிற விதமே வேறு. மராத்தி ல-வுக்கு இரண்டு பக்கமும் பூவிதழ் மாதிரி வளைவு வரும். ஷ-வுக்குக் காம்பு உண்டு. கணினி எழுத்துருக்கள் பெரும்பாலும் ஹிந்தி வடிவத்தையே காட்டுகின்றன என்பதால் இதழுள்ள ல, காம்புள்ள ஷ தான் மராத்திக்கு முறை என்று அரசு 2022-இல் ஆணையே போட்டது. ஓர் எழுத்தின் வளைவுக்காக ஆணை போடுவது பெரிய காரியமா என்று சிலர் கேட்கலாம். எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது. கையெழுத்து பழகுகிற பிள்ளை எந்த ல-வைப் பார்க்கிறதோ அதைத்தான் எழுதும். என் மகளுடைய ல-வில் இப்போது இதழ் இருக்கிறது.

இரண்டாவது தடவை ஃபிளெக்ஸ் அடிக்கும்போது டிசைன் ஃபைலை அச்சுக்குப் போகும் முன் குருஜியிடம் காட்டினேன். கடை வைத்திருக்கிற நம்மவர்களுக்கு இதுதான் என் வேண்டுகோள்: மராத்தி வாசிக்கிற ஒரு பெரியவரிடம் காட்டாமல் போர்டு அடிக்காதீர்கள். ஜெராக்ஸ் என்பதற்கு சாயாப்ரத் என்று போடலாமா என்றும் அவரைக் கேட்டேன். நிழல்படி. கேட்கவே அழகாக இருந்தது. குருஜி சிரித்து, பெரிய எழுத்தில் ஜேராக்ஸ் என்று தேவநாகரியில் போடு, கீழே சாயாப்ரத் என்றும் போடு, பார்க்கப் பார்க்கப் பழகட்டும் என்றார். அப்படியே போட்டோம். இதுவரை மூன்று பேர் சாயாப்ரத் வேண்டும் என்று கேட்டு வந்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். வாசிக்க வந்துவிட்டது, எழுத வந்துவிட்டது, பேசத்தான் வழியில்லை. நான் மராத்தியில் ஆரம்பிப்பேன். ஒரு வாக்கியம் போகும். இரண்டாவதில் நான் தோ, தீ எங்கேயாவது தப்பாகச் சொன்னதும், எதிரில் இருப்பவர் ஹிந்திக்குத் தாவிவிடுவார். பாவம், கஷ்டப்படுகிறாளே என்ற நல்லெண்ணம்தான். மராத்திக்காரர்களின் பெருந்தன்மை அது. ஆனால் கற்றுக்கொள்கிறவருக்கு அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை இல்லை. அரசு அலுவலகம் ஒன்றில் நான் மராத்தியில் கேட்ட நாலு கேள்விக்கும் ஹிந்தியிலேயே பதில் வந்தது. 2025 பிப்ரவரியில் அரசு ஆணை ஒன்று வந்தது: அரசு, அரை அரசு அலுவலகங்களில் ஊழியர்கள் மராத்தியில்தான் பேச வேண்டும், வெளிமாநிலத்தவர், வெளிநாட்டவரிடம் மட்டும் விலக்கு. என் முகத்தைப் பார்த்து, நான் அந்த விலக்கில் சேர்ந்தவள் என்று அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள்.

அப்போதுதான் அந்த அட்டையை எழுதி வைத்தேன். முதலில் "மீ மராட்டீ ஷிகத் ஆஹே" என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எல்லாரும் 'வா வா, ரொம்ப நல்லது' என்று ஹிந்தியில் பாராட்டினார்கள். மாடி வீட்டு ஆஜிதான் இரண்டாவது வரியைச் சொன்னார். நேரடியாகக் கேள், ஹளூ போலா, பண் மராட்டீத் போலா என்று போடு என்றார். போட்ட அன்றிலிருந்து மாற்றம் தெரிந்தது. படித்துவிட்டு ஒரு நொடி நிற்பார்கள். அப்புறம் குரலைக் கொஞ்சம் தணித்து, நிறுத்தி நிறுத்தி மராத்தியில் பேசுவார்கள். ஒரு வருஷத்தில் நான் கற்ற மராத்தி, முந்தைய நாலு வருஷத்தில் கற்றதைவிட அதிகம். அந்த அட்டைக்கு ஆன செலவு பத்து ரூபாய்.

அரசிடம் எனக்குக் கேட்க ஒன்று இருந்தால் இதைத்தான் கேட்பேன். ஜனவரி 14 முதல் 28 வரை மராத்தி வளர்ச்சிப் பதினைந்து நாள், பிப்ரவரி 27 கவி குசுமாக்ரஜ் பிறந்த நாளில் மராத்திப் பெருமை நாள் என்று விழா எடுக்கிறார்கள். கட்டுரைப் போட்டி, கையெழுத்துப் போட்டி, சான்றிதழ். அந்த நாட்களில் எங்கள் பிரின்டருக்கே ஓய்வு இருக்காது. பேச்சுப் போட்டியில் மேடை ஏறுகிற பிள்ளைக்கு ஏற்கெனவே மராத்தி வரும். எங்களைப் போன்றவர்களோடு தினம் பத்து நிமிஷம் மராத்தியில் பேசுங்கள் என்று மராத்தி பேசுகிறவர்களைப் பார்த்துக் கேட்டுக்கொள்கிற ஒரு சுவரொட்டியை நான் இதுவரை பார்த்ததில்லை. சுவரொட்டி அடித்தால் எங்கள் கடைச் சுவரைத் தருகிறேன்.

இவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது பிலார். பஞ்ச்கனி போகிறவர்கள் கட்டாயம் அங்கே இறங்குங்கள். சதாரா மாவட்டத்தில் ஸ்ட்ராபெரி விளைகிற சின்ன மலைக் கிராமம். 2017 மே மாதம் அதைப் புத்தக கிராமமாக அறிவித்தார்கள். தனிக் கட்டடம் கட்டி நூலகம் என்று பூட்டி வைக்காமல், ஊர்க்காரர்களின் வீட்டுக் கூடத்திலும் கோயிலிலும் தங்கும் விடுதியிலும் அலமாரி வைத்துப் புத்தகத்தை அடுக்கிவிட்டார்கள். ஒரு வீட்டில் கவிதை, ஒரு வீட்டில் வரலாறு, ஒரு வீட்டில் சிறுவர் நூல்கள். யாரும் போய் உட்கார்ந்து படிக்கலாம், காசு கிடையாது. போகிற வழியில் மலை ஏறும் முன் வாயி என்ற ஊர் வரும். தர்க்கதீர்த்த லக்ஷ்மணசாஸ்திரி ஜோஷி தலைமையில் மராத்திக் கலைக்களஞ்சியமான விஸ்வகோசம் உருவானது அங்கேதான். அதன் தொகுதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மகள் பள்ளித் திட்டப்பணிக்கு அதிலிருந்துதான் எடுக்கிறாள்.

பிலாரில் சிறுவர் நூல் வீட்டின் கூடத்தில் மகள் தரையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தாள். அடுப்படியில் பாக்ரி ரொட்டி தட்டிக்கொண்டிருந்த பாட்டியம்மா, அங்கிருந்தபடியே அவள் தப்பைத் திருத்தினார். "தோ இல்லை, தே." இவள் திருத்தி வாசித்தாள். இரண்டு பக்கம் தள்ளி மறுபடி அடுப்படியிலிருந்து குரல். மாவுக் கையோடு கடைசியில் வெளியே வந்து, கதை முடிகிற வரை வாசலில் நின்று கேட்டார். அலமாரிக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது, அவர்கள் வீட்டுக்குள்தான் புத்தகம் இருக்கிறது என்பதால் நடந்தது இது. எந்த நூலகத்திலும் சத்தம் போடாதே என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

2024 அக்டோபர் 3-ஆம் தேதி மராத்திக்குச் செம்மொழி நிலை கிடைத்தது. வங்காளி, அசாமியம், பாலி, பிராகிருதம் எல்லாம் அதே நாளில். குருஜி ஒரு பெட்டி பேடா வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மாநில அரசு 2012-இல் ரங்கநாத் பட்டாரே தலைமையில் குழு அமைத்து, அறிக்கை கொடுத்து, பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்தது அது. எங்கள் மாவட்டத்து முர்பாடு பக்கமிருந்து ஏறிப்போகிற நாணேகாட் குகையில் சாதவாகனர் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, அது வரைக்கும் எங்கள் மொழியின் வேர் போகிறது என்றார். பேடாவை என் கையில் கொடுத்து, "உங்களுக்கு 2004-லேயே கொடுத்துவிட்டார்கள். மூத்த வீட்டுக்காரர்கள், வாழ்த்துங்கள்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கு அவர் இன்னொன்றும் கேட்டார். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் மராத்திக் கல்வெட்டைப் பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. பெரிய கோயிலுக்கு மூன்று தடவை போயிருக்கிறேன், பார்த்ததில்லை. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். சரபோஜி மன்னர் 1803-இல் வெட்டவைத்த போன்ஸ்லே வம்ச வரலாறு. சுவர் நெடுக நீண்டுகொண்டே போகிறது. மகள் விரலால் தொடர்ந்து சில சொற்களை வாசித்தாள். தமிழ்நாட்டுக் கோயில் சுவரில் என் பிள்ளை மராத்தி வாசிப்பதை என் அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

குருஜி வேலை பார்த்த மராத்தி வழிப் பள்ளியில் இப்போது ஒரு வகுப்புக்கு ஏழெட்டுப் பிள்ளைகள்தான். சுற்றியிருக்கிற மராத்தி வீடுகளே பிள்ளைகளை ஆங்கில வழிக்கு அனுப்புகின்றன. மற்றவர்கள் பலகையில் மராத்தி வேண்டும் என்று சட்டம் போடலாம், சொந்தப் பிள்ளையை மராத்தியில் படிக்கவைக்கச் சட்டம் போட முடியாது என்று அவர் சொல்லும்போது குரல் இறங்கிவிடும். 2025 ஏப்ரலில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஹிந்தி மூன்றாம் மொழி என்று ஆணை வந்து, ஊரே கொதித்து, ஜூன் கடைசியில் அரசு திரும்பப் பெற்றது. அந்த இரண்டரை மாதம் கடையில் வேறு பேச்சே இல்லை. தமிழ்நாட்டில் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று என்னிடம் கேட்டுக் கேட்டுப் போனார்கள். அதே சமயத்தில் மராத்தி பேசவில்லை என்று கடைக்காரர்களை அடிக்கிற வீடியோக்களும் வந்தன. 1960-களின் கடைசியில் தென்னிந்தியர் கடைகளுக்குக் கல் விழுந்த நாட்களை மாமனார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பயத்தில் கற்ற நாலு சொல், பயம் போனதும் போய்விடும். எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆஜியும் குருஜியும் பிலார் பாட்டியும் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை.

போன மாதம் எதிர்ச்சாரி டீக்கடைக்கு வேலைக்கு வந்திருக்கிற பீகார்ப் பையன் கடைக்கு வந்தான். அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "தீதி, இதில் எனக்கொரு ஜெராக்ஸ் வேண்டும், எங்க கடையில் மாட்ட" என்றான். போட்டு, லேமினேட் செய்து கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

"எங்கே, வாசி" என்றேன் மராத்தியில்.

"ஹலூ போலா."

"ஹளூ."

"ஹலூ."

நாக்கை மடித்துக் காட்டினேன். பின்னால் சாத்பாரா நகலுக்கு நின்ற இரண்டு பேரும் சேர்ந்து சொல்லிக்காட்டினார்கள். நாலாவது தடவை வந்தது.